நாலாங்கட்டைக் கல்

என் வாசலுக்கு நேர் எதிரே, சாலைக்கு அந்தப் பக்கம், முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நின்றது. வெள்ளை அடித்து, அதன் மேல் கறுப்பில் 4 என்று எழுதியிருக்கும். ஈப்போவிலிருந்து நாலு மைல் என்று அர்த்தம். நாங்கள் மைல் என்று சொல்ல மாட்டோம். கட்டை என்போம். நாலாங்கட்டை.

அப்போதெல்லாம் அந்தப் பெரிய சாலையோரத்தில் குடியிருந்தவர்களுக்கு வீட்டு நம்பர் கிடையாது, தெருப் பேர் கிடையாது. கல்தான் விலாசம். இரண்டாங்கட்டையில் ஒரு தையல்காரர், ஆறாங்கட்டையில் பால் மாடு வைத்திருந்த ஒரு குடும்பம், நடுவில் நான். பஸ்காரரிடம் நாலாங்கட்டை என்றால் கல்லுக்குப் பக்கத்தில் நிறுத்துவார். கடிதத்தில் நாலாங்கட்டை என்று இருந்தால் தபால்காரர் நேராக என் கையில் கொண்டுவந்து கொடுப்பார். அந்தக் கல்லுக்கு எதிரே இருந்தது என் வீடு ஒன்றுதான்.

சாலை வடக்கே சுங்கை சிப்புட்டைத் தாண்டிப் பினாங்குப் பக்கம் போகிறது. தெற்கே கோலாலம்பூர். இரண்டு பக்கமும் ரப்பர் பால்மரங்கள் தாரைத் தொட்டுக்கொண்டு நிற்கும். இலை உதிரும் மாதத்தில் தாரே தெரியாது. கொட்டை வெடிக்கும் காலத்தில் லோரிச் சக்கரத்தில் பால்கொட்டை நசுங்குகிற சத்தம் வீட்டுக்குள் கேட்கும். ஒரு லோரி போனால் அடுத்த லோரி வருவதற்குள் கோழி நிதானமாக அந்தப் பக்கம் போய் மேய்ந்துவிட்டுத் திரும்பி வந்துவிடும். அப்படிப்பட்ட சாலை.

வீடு பலகை வீடு. என் வீட்டுக்காரர் கட்டியது. தோட்டத்து லயத்தில், கூலிகளுக்குக் கட்டிய வரிசை வீட்டில், கிடக்க அவருக்குப் பிடிக்கவில்லை, சாலையோரத்தில் சொந்தமாக ஒரு துண்டு நிலம் பிடித்துத் தன் கையாலேயே ஆணி அடித்துக் கட்டினார். ஆறு வருஷம் அதில் வாழ்ந்தார். காய்ச்சல் வந்து போய்விட்டார். பிள்ளை இல்லை. லயத்துக்கே திரும்பி வந்துவிடு என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நான் போகவில்லை. எனக்கென்று ஒரு வாசல் இருக்கும்போது நான் ஏன் போக வேண்டும்?

தங்கை மட்டும் லயத்தில் இருந்தாள், அவள் புருஷனோடும் மகனோடும். எனக்கு இரத்த சொந்தம் என்று இந்த மண்ணில் அவள் ஒருத்திதான். விடியற்காலை ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் பேர் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து நிரையில் பாலெடுக்க மரம் வெட்டுவோம். சின்ன வயதில் ஒரு தடவை வெட்டுக் கத்தி நழுவி அவளுடைய இடது கட்டைவிரலைப் பதம் பார்த்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த விரல் நிமிரவே இல்லை. உள்ளங்கைக்குள் மடங்கியே இருக்கும். பால் வடிகிற மங்கைத் துடைக்கும்போது நாலு விரலால்தான் துடைப்பாள். என்னைவிட வேகமாகவும் துடைப்பாள்.

அவள் போனது, பிரஜை இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற சிவப்பு அட்டையால். எனக்கு என் வீட்டுக்காரர் ஆபீஸ் வாசலில் வெயிலில் நிற்க வைத்துப் பிரஜைக்கான நீல அட்டை எடுத்துக் கொடுத்திருந்தார். இவளையும் கூப்பிட்டேன். அவள் புருஷன், பால் வெட்டுகிறவனுக்கு எதற்குக் காகிதம், மரம் என்ன காகிதம் கேட்கிறதா என்று சிரித்தார். எழுபதாம் ஆண்டு வாக்கில் சட்டம் வந்தது. பிரஜை இல்லாதவர்கள் வேலை செய்ய வேண்டுமென்றால் பெர்மிட் வேண்டும் என்றார்கள். சிரித்த மனிதர் பெட்டி கட்டினார்.

தமிழ்நாட்டுக்குப் போகப் பினாங்கில் கப்பல். பஸ் ஏறுவதற்குக் கல்லுக்குப் பக்கத்தில்தான் வந்து நின்றார்கள். எனக்கு அவ்வளவு கோபம். சொன்ன நாளில் வந்திருந்தால் இன்றைக்கு இந்த நிலை வருமா என்கிற கோபம். அவள் கையைப் பிடிக்கக்கூட இல்லை நான்.

அவள்தான் பேசினாள். "அக்கா, நீ வூட்ட மட்டும் மாத்திடாத லா. எனக்கு எழுத்துத் தெரியாது, நம்பருதான் தெரியும். திரும்பி வந்தா இந்தக் கல்லப் பாத்துத்தான் எறங்குவேன்."

நான் சொன்னேன், "போறவங்க யாரு திரும்பி வந்திருக்கா? நீ வரமாட்ட."

அதுதான் நான் அவளிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தை. பஸ் வந்தது, ஏறினாள், போய்விட்டாள்.

மழைக்காலம் முடிந்து முதல் கடிதம் வந்தது. வேறு யாரோ எழுதிக் கொடுத்தது, அழகான கையெழுத்து. எழுத்துக்கூட்டிப் படித்தேன். அக்கா, ஒரு வரி எழுது என்று இருந்தது. நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாவது வரைக்கும் போனவள். எழுத வரும், ஆனால் கோணல் மாணலாக வரும். அங்கே எவனோ ஒருவன் என் கோணல் எழுத்தைப் படித்து அவளுக்குச் சொல்லி, உள்ளுக்குள் சிரிக்கப் போகிறான் என்று நினைத்தேன். இங்கே யாரிடமாவது சொல்லி எழுத வைக்கலாம் என்றால், என் வீட்டு வருத்தம் ஊருக்குத் தெரியும். எழுதவில்லை. இன்னும் இரண்டு கடிதம் வந்தது. அதற்கும் எழுதவில்லை.

நாலாவது கடிதம்தான் கடைசி. மகன் கப்பலில் சமையல் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான், என்றைக்காவது ஒரு தடவை கூட்டி வருவான், கப்பல் பினாங்கில் நிற்கிற நாளில் வந்து பார்த்துவிட்டுப் போவேன் என்று சொல்லியிருந்தாள். கீழே இப்படி: நீ எழுதாதபோது நான் மட்டும் எதற்கு எழுத வேண்டும், இனிமேல் எழுத மாட்டேன், ஒரு நாள் நேராக வந்து கல்லுக்குப் பக்கத்தில் நிற்பேன்.

என் தங்கைதானே அவளும். சொன்னால் சொன்னதுதான்.

அன்றிலிருந்து காலையில் கதவைத் திறந்தால் முதலில் கல்லைப் பார்ப்பேன். பஸ் நின்றால் பார்ப்பேன். யாராவது பை தூக்கிக்கொண்டு இறங்கினால், அந்த ஆள் நிமிர்கிற வரைக்கும் பார்ப்பேன்.

பிறகு தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். லயத்தில் இருந்தவர்கள் சிலிபினுக்கும் தெலுக் இந்தானுக்கும் போனார்கள். பால்மரங்களை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே வந்தார்கள். ஒரு நாள் சாலையோரத்தில் வெளிச்சம் வந்துவிட்டது. அத்தனை வருஷம் நிழலில் இருந்த என் வீட்டுப் பலகை வெயிலில் வெளுத்துப் போனது. நான் ஊருக்குள் ஒரு துணிக்கடையில் கூட்டித் துடைக்கிற வேலைக்குப் போனேன். பக்கத்தில் மனிதர் என்று மிஞ்சியது, மரத்தடியில் தேத்தண்ணீர்க் கடை வைத்திருந்த பாய் ஒருவர்தான். ராமநாதபுரம் பக்கம். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், இருந்தாலும் என்னை அக்கா என்பார். தங்கை சொல்லிவிட்டுப் போனது அவருக்கு மட்டும் தெரியும்.

சாலையை அகலமாக்கப் போகிறோம் என்று ஆட்கள் வந்தார்கள். வெட்ட வேண்டியதற்கெல்லாம் சிவப்புச் சாயம் அடித்துக்கொண்டே வந்து, கல்லின் தலையிலும் ஒரு கோடு இழுத்தார்கள். மேஸ்திரி மலாய்க்காரர். எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன். மாச்சிக் என்று மரியாதையாகக் கூப்பிட்டு, இனிமேல் மைல் கிடையாது, கிலோமீட்டர்தான், இதைத் தூக்கிப் போட்டுவிடுவோம் என்று நல்ல விதமாகத்தான் சொன்னார். என் தங்கைக்குக் கிலோமீட்டர் தெரியுமா?

ஐந்தாங்கட்டைக்குப் பக்கத்தில் ஒரு மரத்தடிச் சாமி இருந்தது. அதைத் தொடாமல் சாலையை வளைத்துக்கொண்டு போயிருந்தார்கள். எனக்கு அது ஞாபகம் வந்தது. அன்று சாயங்காலம் ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோய்க் கல்லைக் கழுவினேன். மஞ்சள் பூசினேன், 4 மட்டும் தெரிகிற மாதிரி விட்டு. குங்குமம் வைத்து, மஞ்சள் துணி சுற்றி, மூன்று எலுமிச்சம்பழம் வைத்து, விளக்கேற்றிவிட்டு வந்தேன். பாய் தேத்தண்ணீர் இழுப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் வேலையாட்கள் வந்தார்கள். அதில் இருந்த நம் ஆட்கள் இரண்டு பேர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். மேஸ்திரி என்னைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், தலையைச் சொறிந்துகொண்டு ஓரத்துச் சிமெண்டை வளைத்துப் போடச் சொன்னார். கல் பிழைத்தது.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. லோரிக்காரர்கள் நிறுத்த ஆரம்பித்தார்கள். தேங்காய் உடைப்பார்கள், சுருட்டுக் கொளுத்தி வைப்பார்கள். இறக்கத்தில் பிரேக் போன லோரி நாலாங்கட்டை முனியை நினைத்ததும் நின்றது என்று ஒருவர் வந்து சொன்னார். முனி என்று நான் சொல்லவே இல்லை. நான் மஞ்சள் மட்டும்தான் பூசினேன். செவ்வாய் வெள்ளியில் சிலிபினிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். முதலில் விளக்கு வைத்தவள் என்று எனக்கு ஒரு மரியாதை. பாய் மட்டும் தேத்தண்ணீரை நீட்டும்போது மெல்லக் கேட்பார். "அக்கா, ஒங்க சாமி நாலு மைலுலயே நிக்குதா, இல்ல அஞ்சாயிடுச்சா?"

ஒரு வெள்ளிக்கிழமை லோரிக்காரர் ஒருவர் சாயம் வாங்கிவந்து கல்லுக்குக் கண்ணும் மீசையும் எழுதினார். மீசை சரியாக 4 மேல் விழுந்தது. நம்பரை மறைக்காதே என்றேன்.

"சாமிக்கு எதுக்குக்கா நம்பரு? சாமி என்ன பஸ்ஸா?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வேறு என்ன செய்வது?

எண்பது பிறந்த பிறகு ஊரைச் சுற்றிப் புதுச் சாலை போட்டார்கள். லோரிகள் அந்தப் பக்கம் போய்விட்டன. ஒரு வாரத்தில் இங்கே சத்தம் நின்றுவிட்டது. எனக்கு அந்த வாரம் தூக்கமே வரவில்லை. பிறகு வேறு சத்தம் வந்தது. இரண்டு மாடிக் கடைவீடுகள் வரிசையாக எழும்பின. வங்கி வந்தது, மோட்டார் சைக்கிள் கடை வந்தது, கண்ணாடிக் கதவு போட்ட துணிக்கடை வந்தது, நடுவில் பூச்செடி வைத்த திட்டு, சிவப்பு பச்சை விளக்கு. பாயும் மரத்தடியை விட்டு முனைக் கடைவீட்டில் மின்விசிறி போட்டுச் சாப்பாட்டுக்கடை வைத்தார். ஊர் நாலு மைல் நடந்து என் வாசலுக்கே வந்துவிட்டது. பெரிய சாலை என்று சொன்னால் யாருக்கும் தெரியவில்லை. அதற்கு ஒரு நீளமான பேர் வைத்துக் கம்பத்தில் பலகை மாட்டினார்கள். என் வீட்டுக் கதவில் 217 என்று தகரம் அடித்தார்கள்.

இடத்தை விற்கிறாயா என்று வந்தார்கள். இல்லை என்றேன். என் பலகை வீடு இரண்டு பக்கமும் சிமெண்டுச் சுவருக்கு நடுவில் நின்றது. அத்தனை ஜனம் நடக்கிற தெருவில் என்னைப் பேர் சொல்லியோ அக்கா என்றோ கூப்பிட, பாயைத் தவிர ஆள் இல்லை. ஆளில்லாத சாலையில் இருந்தபோது, நான் தனியாக இருக்கிறேன் என்று எனக்குத் தோன்றினதே இல்லை.

லோரிகள் போனதும் முனிக்கும் ஆள் குறைந்தது. கார் நிறுத்த இடம் வேண்டும், கல் இடைஞ்சல் என்று பேச்சு வந்தது. சிலிபினில் கோயில் கட்டிய ஆட்கள், நாங்கள் கொண்டுபோய் முறையாக வைத்துக் கும்பிடுகிறோம் என்று முன்வந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மேளத்தோடு வந்தார்கள். என் வாசலுக்கு வந்து எனக்கு மாலை போட்டார்கள்.

கோயில் தலைவர் கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். "நாலாங்கட்டையார மொத மொதல்ல கண்டவங்க நீங்கதான். நீங்க ஒரு வார்த்த வேணாம்னா தூக்க மாட்டோம்க்கா."

ஒரு வார்த்தைதான். அது சாமி இல்லை, மைல் கல், என் தங்கை வந்து இறங்குவதற்காக நான் மஞ்சள் பூசி வைத்தேன் என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தும் விட்டேன். எதிரே ஒரு பெண் கற்பூரத் தட்டோடு நின்றாள். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து அந்தக் கல்லிடம் வேண்டிப் பெற்ற குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள். அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு முன்னால் எனக்கு நாக்குப் புரளவில்லை. அவளுக்காக என்று சொல்லிக்கொள்ளலாம். முழுக்க அவளுக்காகவும் இல்லை. மாலையோடு நின்றுகொண்டு, நான் இத்தனை பேரை ஏமாற்றினேன் என்று சொல்ல என்னால் முடியவில்லை.

"எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

கல் லேசில் வரவில்லை. மண்ணுக்குள் இருந்த பாகம்தான் அதிகம். அது அப்படியே வெள்ளையாக இருந்தது. தண்ணீர் தெளித்து வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். இருந்த குழியில் மறுநாளே தார் ஊற்றிவிட்டார்கள்.

பாய் என்னிடம் கோபப்பட்டது அந்த ஒரு தடவைதான். ஏன் சொல்லவில்லை என்றார். என்னவென்று சொல்வது என்றேன். அப்படியென்றால் தங்கைக்கு உடனே எழுதிப் போடுங்கள், நான் எழுதித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். எழுத மாட்டேன் என்று சொன்னது அவள்தானே, நான் ஏன் முதலில் எழுத வேண்டும் என்று அப்போதும் எனக்குள் இருந்தது. இன்றைக்கு நினைத்தால் என்னையே அறையலாம் போல இருக்கிறது.

சிலிபின், ஊருக்கு அந்தப் பக்கம். கோயிலுக்கு நான் ஒரு வருஷத்துக்கு மேல் போகவே இல்லை. அந்த நாட்களில் ஒரு தடவை வேலை முடிந்து பஸ் ஏறி, பழக்கத்தில் நாலாங்கட்டை என்று சொல்லிவிட்டேன். டிக்கெட் கொடுக்கிறவர் புது ஆள். "நாலாங்கட்டைக் கோயிலா? அது சிலிபின் லா. நீங்க பஸ்ஸ மாறி ஏறிட்டீங்க" என்று என்னை இறங்கச் சொன்னார். என் வீட்டுக்கு எனக்கே வழி சொன்னார். அப்போது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சிரித்திருக்கக் கூடாது.

கோயில் திருவிழாவுக்கு முதல் மரியாதை என்று ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள். போனேன். கல்லுக்குக் கவசம் போட்டிருந்தார்கள், கண்ணும் மீசையும்கூடத் தெரியவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் பூசாரியின் சம்சாரம் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தாள். கோயிலுக்கு எப்படி எப்படியெல்லாம் ஆட்கள் வருகிறார்கள் என்று ஒரு கதை. ஆறேழு மாதம் முன்னால், கவசம் சாத்துவதற்கு முன்னால், தமிழ்நாட்டுப் பேச்சுப் பேசுகிற ஒரு பொம்பளை துணிப்பையோடு வந்தாளாம். கும்பிடவில்லையாம். முந்தானையைத் தண்ணீரில் நனைத்து, சாமி முகத்தைத் தேய்த்துத் தேய்த்து அழித்தாளாம்.

"மீசையெல்லாம் போச்சுக்கா. நாங்க கத்துனோம். அவ பாட்டுக்கு, இந்தக் கல்லு எங்க இருந்துச்சு, எதுக்க ஒரு பலக வூடு எங்கன்னு கேக்குறா. பைத்தியம்னு நெனச்சோம். இது எப்பவும் இங்கதான் இருக்கு, போம்மான்னு சொல்லிட்டோம்."

கையில் எடுத்த சோற்றை இலையில் வைத்தேன். எந்தக் கையால் தேய்த்தாள் என்று கேட்டேன். பூசாரியின் சம்சாரம் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"பீச்சாங்கையாலதான். அதனாலதான் எங்களுக்குக் கோவமே. அதுலயும் கட்டவெரல உள்ளுக்கு மடக்கிகிட்டு, நாலு வெரலால தேய்க்கிறா."

பிறகு என்ன ஆனது என்று கேட்டேன். மதியத்திலிருந்து கடைசி பஸ் வரைக்கும் கல்லுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளாம். யாரோ பிரசாதம் கொடுத்தார்களாம், வாங்கிக்கொண்டாளாம். பிறகு போய்விட்டாளாம். கப்பலைப் பிடிக்க வேண்டும் என்று சொன்னாளாம்.

இலையை மூடிவிட்டு எழுந்தேன். கல்லுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன், அவள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பாள் என்று தெரியாமல், இரண்டு பக்கமும்.

கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன். மூன்று நாள் ஆயிற்று எழுத. எழுதி முடித்தது இவ்வளவுதான்: நான் இருக்கேன். வீடு மாறல. கல்லுதான் போச்சு. நீ வந்தது தெரியும். தப்பு என் மேல. மறுபடி வா.

அனுப்புகிறவர் விலாசம் எழுத வேண்டும். தெருப் பேர் எனக்கு எழுத வராது, அது வேறு எழுத்து. நோட்டை எடுத்துக்கொண்டு பேர்ப்பலகைக் கம்பத்தடியில் போய் நின்று, கோலத்தைப் பார்த்துப் போடுவது போல ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்துப் போட்டேன். நல்ல வெயில். பாய் கடையிலிருந்து பார்த்துவிட்டு வந்தார். நோட்டைக் கேட்கவில்லை. குடையை விரித்து, நான் முடிக்கிற வரைக்கும் என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். பழைய கடிதத்தில் இருந்த ஊருக்கு அதை அனுப்பினேன். அது பத்துப் பன்னிரண்டு வருஷத்து விலாசம்.

அதற்குப் பிறகு மோட்டார் கடையில் வெள்ளையும் கறுப்பும் சாயம் கேட்டு வாங்கி, என் வாசல் தூணில் முழங்கால் உயரத்துக்கு வெள்ளை அடித்து 4 என்று பெரிதாக எழுதினேன். சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் தெரிகிற அளவு.

ஈப்போவை மாநகரம் என்று அறிவித்து ஊரெல்லாம் விளக்குத் தோரணம் கட்டிய வருஷம், தெருவைப் பார்வையிட ஓர் அதிகாரி வந்தார். நம் பிள்ளைதான், கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். ஒரு வீட்டுக்கு இரண்டு நம்பர் கூடாது, தூணில் இருப்பதை அழிக்க வேண்டும் என்றார். பாய் கடை வாசலிலிருந்தே குரல் கொடுத்தார். "அதுல கைய வெச்சிடாதீங்க தம்பி. அது சாமி."

அவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பாய் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். அப்படியே விட்டிருந்தால் அவர் போயிருப்பார்.

"சாமி இல்லப்பா" என்றேன். "இது நாலாங்கட்டை. எந் தங்கச்சி வருவா. அவளுக்கு நம்பரு மட்டுந்தான் தெரியும்."

அவர் கையில் இருந்த காகிதத்தில் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. அழிக்க யாரும் வரவில்லை.

கடிதத்துக்குப் பதில் வரவில்லை. திரும்பியும் வரவில்லை. மழையில் சாயம் உரிந்துபோகும். தீபாவளிக்கு முன்னால் ஒரு தடவை மறுபடியும் அடித்து, நாலை எழுதிவிடுகிறேன்.